மாப்பிள்ளைப் பெருமாள்கள் ஊரில் ஒரு கல்யாணம்

அத்தை பேத்திக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். ஆவணி முகூர்த்தம், மகாமகக் குளத்துப் பக்கம் மண்டபம். சென்னையிலிருந்து கிளம்பிய எங்களில் பாதிப் பேர் ரயிலிலேயே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள்: தாராசுரம், சுவாமிமலை, பட்டீஸ்வரம், திருநாகேஸ்வரம்... "கல்யாணத்துக்கு வர்றீங்களா, கோயில் சுத்த வர்றீங்களா?" என்று அத்தை போனில் கேட்டாள். நியாயம்தான். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். எங்களுக்குக் கிடைத்தது முந்தின நாள் மாலையும் கல்யாணத்தன்று மாலையும் மட்டுமே. அதனால் மூன்று பெருமாளோடு நிறுத்திக்கொண்டோம். மூவருமே இந்தப் பக்கம் பெண்ணெடுத்த மாப்பிள்ளைகள்.

விடியற்காலை இறங்கியதும் கும்பேசுவரர் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகாவில் காபி. நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு பார்த்து ஏமாந்தவர்கள் இங்கே வந்து ஒரு டபரா குடித்துவிட்டுப் பேசலாம். டிபனுக்கு இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு சேர்த்துத் தளதளவென்று இருக்கும். எல்லா நாளும் எல்லா இடத்திலும் கிடைக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மாலை சாரங்கபாணி. ஹேம ரிஷியின் மகள் கோமளவல்லியைக் கைப்பிடிக்க வைகுண்டத்திலிருந்து தேரோடு வந்தவர் என்பதால் சன்னிதியே தேர். கல்லில் சக்கரமும் குதிரையும் யானையும் பூட்டியிருக்கிறது. முதலில் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் பெருமாளிடம் போக வேண்டும். அவரிடம் போக இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். நாங்கள் தட்சிணாயன வாசல் வழியாகப் போனோம். 'எழுந்திருந்து பேசு' என்று திருமழிசை ஆழ்வார் கேட்டதும் எழ முயன்றவர், அப்படியே பாதியில் இருக்கிறார். தீபம் காட்டும்போது தலை லேசாகத் தூக்கியிருப்பதைப் பார்க்கலாம். "மாமனார் உள்ள வந்தா நானும் இப்படித்தான் எழுந்துப்பேன்" என்று சித்தப்பா காதில் சொல்ல, சித்தி முறைத்தாள்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து பந்தி. சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல். பெரியப்பா அதைப் பரிமாறியவரிடம் சொன்னார், சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், கை கழுவும் இடத்தில் சம்பந்தியிடமும் சொன்னார். அத்தைக்கு முகமே இல்லை.

நாலு மணிக்கு ஒப்பிலியப்பன் கோயில். டவுனிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். துளசிச் செடியின் கீழே மார்க்கண்டேயர் கண்டெடுத்து வளர்த்த பூமிதேவியை, கிழவர் வேடத்தில் வந்த பெருமாள் பெண் கேட்கிறார். "சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது" என்று மார்க்கண்டேயர் தட்டிக் கழிக்கப் பார்க்க, "உப்பில்லாமலே சாப்பிடுகிறேன்" என்று ஒரே வார்த்தையில் சம்பந்தத்தை முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை நைவேத்தியத்தில் உப்பு கிடையாது. இவருக்குத் தாயார் சன்னிதி தனியாக இல்லை. மகளைப் பிரியவே கூடாது என்று மாமனார் வாங்கிய வாக்கு. நின்ற கோலத்தில் பெருமாள், ஒரு பக்கம் பூமிதேவி, மறுபக்கம் மார்க்கண்டேயர். கன்னிகாதானம் பண்ணிக்கொடுத்துவிட்டு மாமனார் இன்னும் மணவறையை விட்டு இறங்கவே இல்லை.

வெளியே வந்து பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கினோம். முதல் வாயில் நாக்கு உப்பைத் தேடுகிறது. கிடைக்கவில்லை. அடுத்த வாயில் புளிப்பு மட்டும் தனியாக எழுந்து வருகிறது, பின்னாலேயே நல்லெண்ணெய், வறுத்த கடலை. மூன்றாவது வாய்க்குத் தேடுவதே மறந்துவிடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் பெரியப்பா இரண்டாவது தொன்னையில் இருந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இருட்டுவதற்குள் நாச்சியார்கோயில். மேதாவி மகரிஷியின் மகள் வஞ்சுளவல்லியை மணக்க வந்தவர், எதிலும் அவளுக்குத்தான் முதலிடம் என்று ஒப்புக்கொண்டாராம். ஊருக்குப் பெயரும் நாச்சியார் பெயரில்தான். வீதியுலாவில் தாயார் அன்ன வாகனத்தில் முன்னே போவார், பெருமாள் கருடன் மேல் பின்னே. அன்னம் மெதுவாக நடக்குமே, கருடன் முந்திவிடக் கூடாதல்லவா? அதனால் மார்கழியிலும் பங்குனியிலும் கல் கருடன் புறப்படும்போது கனம் ஏறிக்கொண்டே வரும். சன்னிதியில் 4 பேர் தூக்கியதை அப்புறம் 8, 16, 32 என்று கூடித் தூக்குவார்கள். திரும்பி வரும்போது அதேபோலக் குறையும். நாங்கள் போன அன்று கருடன் தன் சன்னிதியில் சும்மா இருந்தார். கூட்டமும் இல்லை, நிதானமாகச் சேவித்தோம்.

இந்த ஊர் குத்துவிளக்குக்கும் பேர்போனது. உச்சியில் அன்னம் வைத்த ஜோடி விளக்கு ஒன்றை எடை போட்டு வாங்கினோம், பெண்ணுக்குச் சீர். அத்தையைச் சமாதானப்படுத்தக் கொழுந்து வெற்றிலை ஒரு கட்டு.

மண்டபம் திரும்பியபோது நலங்கு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் களைத்து உட்கார்ந்திருந்தார்கள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு போட மறந்துட்டாங்க போலிருக்கே" என்றார். பெண் அவர் பக்கம் குனிந்து என்னமோ சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் பெரியப்பாவைப் பார்த்தார், அப்புறம் தலையைக் குனிந்து மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.