ஜிப்சம் போர்டு இணைப்பில் டேப் ஒட்டுதல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

ஜிப்சம் போர்டுச் சுவரில் விரிசல் விட்டால், அது பெரும்பாலும் இரண்டு போர்டுகள் சேரும் கோட்டில்தான் விடும். பொள்ளாச்சியில் எங்கள் மாடிக் கூடத்தை இரண்டு அறைகளாகத் தடுப்பதற்காக 12.5 மி.மீ. போர்டுகளைத் தகரச் சட்டத்தில் திருகிக் கொடுத்த ஆட்கள் அடுத்த வேலைக்குப் புறப்பட்டதும், அந்தக் கோடுகளை மூடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பட்டி பார்த்துப் பழக்கமில்லாதவரும் இதைச் செய்யலாம். ஆனால் சிமெண்டுச் சுவருக்குப் பட்டி பார்க்கும் முறை இதற்கு அப்படியே பொருந்தாது.

போர்டின் நீள விளிம்புகள் ஓரத்தை நோக்கிச் சற்று மெலிந்திருக்கும். அத்தகைய இரு விளிம்புகள் சேருமிடத்தில் உண்டாகும் ஆழமற்ற பள்ளத்தில், இணைப்பின்மேல் ஒட்டும் டேப்பும் அதை ஒட்டவும் மூடவும் பூசும் காம்பவுண்டு என்ற பசை போன்ற கலவையும் அடங்கிவிடுவதால் சுவர் சமமாகிறது. அகல விளிம்புக்கும் வெட்டிய விளிம்புக்கும் இந்தச் சரிவு கிடையாது. அங்கே மேடு விழத்தான் செய்யும். அதை இருபுறமும் ஓர் அடி வரை இழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யலாமே தவிர, இல்லாமல் ஆக்க முடியாது. எனவே கை பழகும்வரை நீள இணைப்புகளில் வேலை செய்வது நல்லது.

ஒட்டும் பசையுடன் வரும், வலை போன்ற மெஷ் டேப் புதியவருக்கு எளிதாகத் தெரியும். எனினும் அதற்குத் தண்ணீரில் கலக்கியதும் தானே இறுகும் தூள் காம்பவுண்டுதான் ஏற்றது. நான் பேப்பர் டேப்பையே விரும்புகிறேன். அது இழுத்தால் நீளாது. நடுவில் மடிப்புக் கோடு இருப்பதால் மூலைகளிலும் ஒழுங்காக உட்காரும். வெள்ளைச் சிமெண்டுப் பட்டி வீட்டில் மீந்திருக்கிறது என்று அதைக்கொண்டு டேப் ஒட்ட வேண்டாம்; அது சிமெண்டுப் பூச்சுக்கென்று செய்யப்பட்டது.

வேலையின் உயிர் டேப்பின் அடியில் இருக்கிறது. இணைப்பின் நீளம் முழுவதும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்திற்குக் காம்பவுண்டைப் பரப்பி, அதன்மேல் டேப்பை வைத்து, ஆறு அங்குல பிளேடை (பட்டி இழுக்கும் தகட்டை)ச் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி அழுத்தி இழுக்க வேண்டும். மிகையானது ஓரங்களில் பிதுங்கி வரும், அதை வழித்தெடுக்கலாம். அழுத்தம் கூடி அடியிலுள்ள காம்பவுண்டு முழுவதும் வெளியேறிவிட்டால், காய்ந்தபின் அந்த இடத்தில் டேப் குமிழாக எழும்பும். விரலால் தட்டினால் வெற்றொலி கேட்கும். அப்பகுதியை வெட்டியெடுத்து மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே பூசி மூடினால் பெயிண்ட் அடித்தபின் அதுவே வெளியே தெரியும்.

எங்கள் பக்கத்தில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, மேல்பரப்பை உள்பகுதிக்கு முன்பே உலர்த்திவிடுகிறது. தூள் காம்பவுண்டாக இருந்தால் இன்னும் கேடு: இறுகுவதற்கு வேண்டிய நீர் முன்கூட்டியே போய்விட்டால் அது வலுவின்றிப் பொடிந்து உதிரும். அதனால் மேற்குச் சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்தேன். வாளியில் வரும் தயார் காம்பவுண்டு என்றால், அடுத்த பூச்சுக்கு முன் ஒரு நாள் விட வேண்டும்.

இரண்டாம் பூச்சுக்கு எட்டு அங்குல பிளேடும், மூன்றாவதற்குப் பன்னிரண்டு அங்குல பிளேடும் எடுத்து, ஒவ்வொரு முறையும் அகலத்தைக் கூட்டிக் கனத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் தெருவில் பெயிண்ட் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்து, “தேய்ச்சுக்கலாம்னு அப்பிப்போடாதீங்க தம்பி, அப்புறம் தேய்ச்சே கை ஓஞ்சு போயிருமுங்க” என்றார். 150 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் போதும். போர்டின் மேலுறையாக இருக்கும் காகிதம் நார் கிளம்பும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் கட்டாயம். டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரிந்துவிடும்.

பிரைமர் அடிக்காமல் பெயிண்டுக்குப் போகக் கூடாது. காகிதமும் காம்பவுண்டும் பெயிண்டை ஒரே அளவில் உறிஞ்சாததால், இணைப்புகள் பட்டைபட்டையாகத் தெரியும். தடுப்பு, பழைய செங்கல் சுவரைத் தொடும் கோட்டில் மட்டும் நான் டேப் ஒட்டவில்லை. இரண்டு பொருள்களும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒன்றுபோல் அசைவதில்லை என்பதால், அங்கே சிறு இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலண்டை நிரப்பியிருக்கிறேன்.