காத்மாண்டுக்குச் சேவை செய்யப் போகிறவர்களுக்கு

தங்கை மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். செமஸ்டர் முடிந்ததும் ஒரு ஏஜென்சி மூலம் காத்மாண்டு போய் ஒரு மாதம் தெருவோரக் குழந்தைகளுக்குச் சேவை செய்யப் போகிறாளாம். "நமக்கு விசாவே வேண்டாம் பெரியம்மா, பணம் கட்டிட்டா தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க" என்று போனில் படம் படமாகக் காட்டினாள். எல்லாப் படத்திலும் ஒரு வெளிநாட்டுப் பெண், இடுப்பில் ஒரு குழந்தை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தின் அந்தப் பக்கம் தெரியும், ஏனென்றால் நம் ஊருக்கே இப்படி உதவி செய்ய பிரான்சிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். அவர்களுக்கு அது கோடை விடுமுறை, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மும்முரமாக நடக்கிற நேரம்.

நான் சாயங்காலம் கணக்குச் சொல்லித்தரப் போகிற மையத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள். அம்மா பீச்சில் காந்தி சிலைப் பக்கம் பலூன் விற்கிறவர். அவள் நோட்டைப் புரட்டினால் முதல் பக்கத்தில் பிரெஞ்சில் ஒன்று முதல் பத்து, பக்கத்தில் ஒரு சூரியன், ஒரு பூனை. நாலு பக்கம் தள்ளி வேறொருவர் கையெழுத்தில் மறுபடியும் ஒன்று முதல் பத்து, மறுபடியும் பூனை. பதினொன்றுக்கு யாரும் போனதே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு அப்படியே கிடக்கிறது. புதிதாக யாராவது வந்தால் அவள் அவர்கள் பேரைக் கேட்பதில்லை, "இந்த அக்கா எப்போ போவாங்க?" என்றுதான் என்னிடம் கேட்கிறாள்.

வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பலருக்கு நிஜமாகவே நல்ல மனசு. பெல்ஜியத்திலிருந்து வந்த மதலேன் ஹெர்மன் 1962இல் இங்கே வொலோந்தாரியா அமைப்பைத் தொடங்கி இந்த ஊரிலேயே தங்கிவிட்டார், அது வேறு ரகம். குறைந்த நாள் இருந்தும் உருப்படியாகச் செய்தவர்களும் உண்டு: ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வராமல் மையத்தின் வரவு செலவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதை எங்கள் ஊழியர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு அவர் முகம்கூடத் தெரியாது.

தெருவில் திரிகிற குழந்தைக்கு எல்லாம் யாருமில்லை என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இங்கே பார்த்தவரை பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். ரேஷன் கார்டு விழுப்புரம் பக்கம், பிழைப்பு புதுச்சேரியில். ஆதார் எடுப்பது, பள்ளியில் சேர்ப்பது, வேலைக்கு அனுப்பாதே என்று அப்பனிடம் மல்லுக்கட்டுவது, இவைதான் வேலை. நிஜமாகவே தனியாக நிற்கிற குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். இதில் எதையும் தமிழ் தெரியாமல் செய்ய முடியாது. நேபாளி தெரியாத என் தங்கை மகள் அங்கே போய் என்ன செய்வாள்? பூனைதான் வரைவாள்.

நேபாளத்தில் இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. 1996இலிருந்து பத்து வருஷம் அங்கே மாவோயிஸ்ட் போர் நடந்தபோது, ஹும்லா மாதிரியான மலை மாவட்டங்களில் தரகர்கள் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, படிக்க வைக்கிறோம் என்று பிள்ளைகளைக் காத்மாண்டுக்குக் கூட்டி வந்து, அனாதை என்று எழுதி வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கட்டுகிற பணத்துக்காகவே சில இல்லங்களுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த இல்ல வியாபாரமும் பேச்சில் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நல்ல மனசோடு போய் நிற்பதும் அந்த வியாபாரத்துக்குக் கொடுக்கிற காசுதான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சரி, அவளிடம் என்ன சொன்னேன் என்றால், அந்த ஏஜென்சிக்கு ஒரு மெயில் போடு. இல்லம் அரசிடம் பதிவானதா? பிள்ளைகளைத் திரும்பக் குடும்பத்தோடு சேர்க்க என்ன செய்கிறார்கள்? நான் கட்டுகிற பணத்தில் எவ்வளவு அங்கே போகிறது? வருகிறவர்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்பீர்களா? பிள்ளைகளோடு இருக்கிற வேலை இல்லாமல் சமையலறையிலோ ஆபீஸிலோ வேலை தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு அவள் முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் அனுப்பினாள்.

பதில் மறுநாளே வந்தது. பதிவு, குடும்பம், போலீஸ் எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. முன்பணம் எப்போது கட்டுகிறீர்கள், டீ ஷர்ட் சைஸ் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.