காக்காப்பொன் மடியும் விதம்

ஜூன் 10, திருவையாறு

12ஆம் தேதி மேட்டூர் திறக்கிறார்கள். இங்கே தண்ணீர் வருவதற்குள் காவிரி மணலில் இறங்கி ஒரு டப்பா நிறைய காக்காப்பொன் பொறுக்கிவிட்டேன். பக்கத்து மனையில் மணல் சலித்த கொத்தனார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது மணல்ல கூடுனா பூச்சு நிக்காது தம்பி, உதிர்ந்துரும். நீ என்னடான்னா தேடி எடுக்குறே!" தகடு தகடாக உரிவதுதான் அவருக்குத் தொல்லை. எனக்கு அதுதான் ஆராய்ச்சி.

ஜூன் 11

லென்ஸில் பார்த்தால் காக்காப்பொன்னில், அதாவது மைக்காவில், இரண்டு ரகம். பொன்னிறத் தகடு மடக்கினால் மடங்கியபடியே கிடக்கிறது. அது தண்ணீரில் ஊறி, அடுக்குகளுக்கு நடுவே இருந்த பொட்டாசியத்தை இழந்த பயோடைட். நிறமில்லாத மஸ்கவைட் விட்டதும் நிமிர்ந்துவிடுகிறது. அதன் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 நானோமீட்டர். காகித கனத் தகட்டிலேயே லட்சம் அடுக்கு தேறும்.

மஸ்கவைட்டை இன்னும் அழுத்தி மடக்கினேன். நேர்கோடாக ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. கோட்டின் இரு பக்கமும் தட்டை, வளைவே இல்லை, நடுவில் மட்டும் சட்டென்று ஒரு கோணம். இதுதான் கிங்க்.

ஜூன் 13

நாளெல்லாம் ஆய்வேட்டுக்கு அத்தியாயம் எழுதினேன். டெய்லர், ஓரோவான், போலான்யி மூவரும் 1934இல் தனித்தனியாகச் சொன்னது டிஸ்லொகேஷன்: படிகத்தின் அணுவரிசையில் கோடாக ஓடும் பிசகு. அது நகர்ந்துதான் படிகம் வழுக்குகிறது. காட்மியம் படிகத்தில் கிங்க்கை ஓரோவான் 1942இல் விவரித்தார். எதிரெதிர்க் குறியுள்ள டிஸ்லொகேஷன் சுவர்கள் விலகி ஓடுவதால் கிங்க் வளர்கிறது என்று ஃபிராங்கும் ஸ்ட்ரோவும் 1952இல் கணக்குப் போட்டார்கள். அடுக்குப் படிகம் அடுக்குக்கு இணையாக மட்டுமே வழுக்கும். எந்த வடிவத்துக்கும் வளைந்துகொடுக்க 5 தனித்த வழுக்கல் வழிகள் வேண்டும், இதற்கு இருப்பதோ 2. அடுக்கின் நீளவாக்கில் நெருக்கினால் மடிவதைத் தவிர வேறு போக்கில்லை.

வம்பு 2003இல் வந்தது. பர்சூம் என்பவரின் ஆய்வுக் குழு Ti₃SiC₂வை (டைட்டானியம், சிலிக்கான், கார்பன் சேர்ந்த அடுக்குப் படிகம்) 1 ஜிகாபாஸ்கல் அழுத்தம் வரை அமுக்கிவிட்டது; பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் போன பாதையில் திரும்பவில்லை. நடுவே ஆற்றல் கரைந்திருக்கிறது. அடுத்த வருஷம் மைக்காவுக்கும் அதையே சொன்னார்கள். அப்போது பழியை டிஸ்லொகேஷன் வளையங்கள் மேல் போட்டார்கள். 2015இல் மாலிப்டினம் டைசல்ஃபைடு அடுக்குகளில் குஷிமா குழு வேறொன்றைக் காட்டியது: அடுக்குக்குள் பிணைப்பு எதுவும் அறாமல் அடுக்கே அலையாக உப்புகிறது. பெயர் ரிப்லொகேஷன். மறு வருஷமே பர்சூம் குழு, கட்டியான பொருளுக்குள்ளும் இதுதான் என்றது. கட்டாகக் கிடக்கும் வாழையிலையில் ஓர் இலை மட்டும் தனியே உப்ப முடியாதே, மேலும் கீழும் உள்ளவை கூடவே உப்பவேண்டும்; அப்படித்தான் இங்கேயும்.

மைக்காவுக்கும் கிராஃபைட்டுக்கும் எனக்கு இது சரியென்றே படுகிறது. அடுக்குக்குச் செங்குத்தாக அணுக்கள் நகர்வதை வழுக்கல் மட்டும் விளக்காது. ஆனால் காட்மியம், துத்தநாகத்துக்கும் இதை இழுப்பது அதிகப்பிரசங்கித்தனம். உலோகத்துக்குப் பழைய கதை போதும். இன்னொரு சங்கடம்: சுமையை எடுத்ததும் அலை மறைந்துவிடும். மைக்ராஸ்கோப்புக்குக் கிடைப்பது மிஞ்சிய கிங்க்தான்.

ஜூன் 14

"ஒடிச்சு ஒடிச்சுப் பார்க்கவா இத்தனை படிப்பு?" என்கிறாள் அம்மா.

ஜூன் 16

வழிகாட்டியின் பதில் வந்தது. ஆற்றுத் தகட்டுக்குப் பூர்வீகம் தெரியாது, கடையில் வாங்கிய மஸ்கவைட் போதுமாம். நியாயம்தான். ஆனாலும் இரண்டையும் உருண்டைமுனை இண்டெண்டரில், அதாவது நுண்ணிய முனையால் அழுத்திப் பார்க்கும் கருவியில், வைக்கப்போகிறேன். பொட்டாசியம் போன பொன்னிறத் தகட்டில் சுமை ஏறி இறங்கும் வரைபட வளையம் மூடாது, அதாவது தகடு பழைய அளவுக்குத் திரும்பாது என்பது என் கணிப்பு. மூடிவிட்டால் 13ஆம் தேதி எழுதியதில் பாதியை அடிக்கவேண்டும்.