கோட் 17 கிடைத்தது, கோட் 3 இன்னும் இல்லை: ஐஎஸ்ஓ ஆடிட்டராக ஒப்புதல் வாங்கிய அனுபவம்

ஐந்து நாள் லீட் ஆடிட்டர் (தணிக்கைக் குழுத் தலைவர்) பயிற்சிக்குப் போய் பரீட்சையில் தேறிவிட்டால், அடுத்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டுக்குக் கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் சேலத்தில் நிறையப் பேர் உண்டு. பயிற்சி நடத்துகிறவர்களில் சிலர் அந்த நினைப்பைக் கலைப்பதும் இல்லை. கட்டணம் கட்டியவரை எதற்கு வருத்தப்பட வைப்பது என்று விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் பாடம் கேட்டீர்கள், தேறினீர்கள். ஒரு கம்பெனிக்குள் போய் ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைத் தரநிலைப்படி தணிக்கை செய்ய உங்களை அனுப்புவது சான்றளிக்கும் நிறுவனம். அப்படி அனுப்புமுன் உங்கள் தகுதியை அது எடைபோட்டிருக்க வேண்டும் என்று அத்தகைய நிறுவனங்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 சொல்கிறது. அந்த நிறுவனம் அதைச் செய்கிறதா என்று பார்க்க அதற்கு மேல் ஓர் அங்கீகார அமைப்பு, நம் நாட்டில் என்ஏபிசிபி. அவர்கள் வந்தால் ஆடிட்டர்களின் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுவார்கள். அதனால்தான் நம்மிடம் இத்தனை காகிதம் கேட்கிறார்கள்.

நான் உலோகவியல் படித்தவன். சேலத்தைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன், மெஷினிங் யூனிட்டுகளில் தரக்கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். சான்றளிக்கும் நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தில் 'எந்தெந்தத் துறைக்கு ஒப்புதல் வேண்டும்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆடிட்டர் என்று பொதுவாக யாரையும் ஒப்புக்கொள்வதில்லை, துறை துறையாகத்தான். உலக அங்கீகார அமைப்புகளின் கூட்டமைப்பான ஐஏஎஃப் வகுத்த பட்டியலில் தொழில்களை 39 பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் (கோட்) கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊரை அதில் பொருத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உருக்காலையும் லேத் பட்டறையும் 17. வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டினால் 2, அந்தக் கல்லில் உலைச் செங்கல் செய்தால் 15. ஜவ்வரிசி ஆலை 3, ஜவுளி 4, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு 23. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்தால் 1. அதே காபியைக் கீழே கொண்டுவந்து வறுத்து அரைத்தால் 3. நான் 17-க்கும் 3-க்கும் எழுதிக் கொடுத்தேன். ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் இத்தனை இருக்கும்போது 3 இல்லாமல் இங்கே பிழைப்பது கஷ்டம்.

முதல் முட்டுக்கட்டை அனுபவக் கடிதம். பழைய முதலாளி ஒருவர் கொடுத்த கடிதத்தில் 'குவாலிட்டி இன்ஜினியராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்' என்று இரண்டே வரி. கோப்பைப் பார்ப்பவருக்கு அது எதற்கும் உதவாது. அங்கே என்ன பொருள் தயாரானது, எந்தெந்தச் செயல்முறைகள் நடந்தன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். மறுபடி போய்க் கேட்டால், 'வேலையை விட்டுப் போனவனுக்கு எத்தனை தடவை எழுதிக் கொடுக்கறது?' என்று அலைக்கழித்தார்கள். வேலையில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விடும்போது கேட்டால் முகம் மாறிவிடும்.

இன்னொரு படிவம், யார் யாரோடு உங்களுக்குத் தொடர்பு என்பது. ஒரு கம்பெனியின் மேலாண்மை முறைக்கு ஆலோசகராக இருந்தவர், அந்த வேலை முடிந்து இரண்டு ஆண்டு ஆகாமல் அதே கம்பெனியைத் தணிக்கை செய்யக் கூடாது. வேலை பார்த்த இடம், உறவுக்காரர் இடம் என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். சேலத்தில் இது லேசுப்பட்ட காரியமில்லை. பாதிப் பட்டறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தி.

அப்புறம் நேர்காணல். ஐஎஸ்ஓ 9001-இன் பிரிவு எண்களை ஒப்பிக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். எதிரே இருந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை. 'வெல்டிங்கை ஏன் முன்கூட்டியே வேலிடேட் பண்ணணும்? முடிஞ்சதும் செக் பண்ணிக்கிட்டா போதாதா?' என்று ஆரம்பித்தார். உள்ளே ஹைட்ரஜன் விரிசல் விட்டிருந்தால் வெளியே பார்த்துத் தெரியாது, ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் உடைத்துப் பார்க்கவும் முடியாது. அதனால் முறையையும் ஆளையும் முதலிலேயே சோதித்து வைக்கிறோம் என்றேன். 'சரி, ஹீட் ட்ரீட்மென்ட்?' என்று அடுத்ததற்குத் தாவினார். உலையில் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் எங்கே பொருத்தப்பட்டிருக்கும், சார்ட்டில் எதைப் பார்ப்பேன் என்றெல்லாம் கேட்டார். பட்டறையில் நின்றவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. புத்தகம் மட்டும் படித்தவர் இந்த இடத்தில் திணறுவார், திணறத்தான் வேண்டும்.

அதன்பின் பார்வையாளராகச் சில தணிக்கைகள், குழுவில் பயிற்சி ஆளாகச் சில, கடைசியில் விட்னஸ் ஆடிட். அதாவது நான் தணிக்கை செய்ய, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மூத்த ஆடிட்டர் ஒருவர் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்று குறிப்பெடுப்பார். சூரமங்கலம் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் நடந்தது. வெல்டிங் குச்சிகளை ஈரம் ஏறாமல் வைக்கும் எலக்ட்ரோடு ஓவனில் காலிபரேஷன் (அளவு சரிபார்த்த) ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது, தேதியும் சரி. இரண்டடி தள்ளி வெல்டரின் ஸ்டூலுக்குக் கீழே ஒரு டின்னில், ஈரம் பிடிக்கக் கூடாத 7018 வகை எலக்ட்ரோடுகள் திறந்தபடி கிடந்தன.

'அண்ணா, இது எப்ப எடுத்ததுங்க?'

'காலையிலதாங்க.'

ஸ்டோரில் கொடுத்த சீட்டைப் பார்த்தால் முந்தின நாள் தேதி. வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் மீண்டும் ஓவனுக்குப் போக வேண்டும் என்று அவர்களுடைய நடைமுறைக் குறிப்பிலேயே இருந்தது. முரண் என்று எழுதினேன். மேனேஜர் தனியாக அழைத்து, 'இதுக்கு என்ன பண்ணா சரியாகும்னு நீங்களே சொல்லிடுங்க சார், அப்படியே எழுதிக் கொடுத்துடறோம்' என்றார். நம்ம ஊரில் இதைக் கேட்பது தப்பே இல்லை, விஷயம் தெரிந்தவரிடம் வழி கேட்பது மரியாதை. ஆனால் முரணுக்குக் காரணமோ தீர்வோ ஆடிட்டர் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் அடுத்த முறை என் யோசனையை நானே தணிக்கை செய்கிறேன் என்றாகிவிடும். 'காரணத்தை நீங்க கண்டுபிடிங்க சார், உங்க பட்டறையை உங்களைவிட எனக்கா தெரியும்?' என்று சிரித்துச் சமாளித்தேன். மூத்தவர் அதைத்தான் தன் அறிக்கையில் முதலில் எழுதியிருந்தார். எலக்ட்ரோடு விஷயத்துக்கு அரை வரி.

ஆவணம் பார்ப்பது, கருத்துக் கேட்பது, நேர்காணல், நேரில் கவனிப்பது, தேர்வு என்று எடைபோடும் வழிகளை 17021-1 தரநிலையின் பின்னிணைப்பு சொல்கிறது. என்னைக் கேட்டால் நேரில் கவனிப்பது ஒன்றுக்கே மற்ற நான்கின் மதிப்பு உண்டு. தணிக்கை நாட்களைக் கூட்டிக் காட்டும் லாக் ஷீட்டை நான் பெரிதாக மதிப்பதில்லை. குழுவோடு போய் மீட்டிங் அறையில் டீ குடித்த நாளும் அதில் ஒரு நாள்தான்.

கோட் 17-க்கு ஒப்புதல் வந்தது. 3-க்கு 'அனுபவ ஆதாரம் போதாது' என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது கோபம்தான். பிறகு ஒரு சேகோ ஆலைத் தணிக்கைக்கு என்னை லீடாகப் போட்டு, கூடவே ஒரு தொழில்நுட்ப வல்லுநரை அனுப்பினார்கள். வல்லுநர் தானாகத் தணிக்கை செய்ய முடியாது, ஆடிட்டருக்குத் துணைதான். அவர் மரவள்ளிக் கிழங்குப் பால் தெளியும் தொட்டிக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் பிடித்து, மாவு இவ்வளவு வெள்ளையாக இருப்பது எதனால் என்று போய், வெளுப்பதற்கு ஏதாவது சேர்க்கிறார்களா என்று ரசாயன ஸ்டோர் சாவியைக் கேட்கும் வரை விடவில்லை. களத்தில் காயும் ஜவ்வரிசியைக் கையில் அள்ளி நெரித்துப் பார்த்து, 'இன்னும் ஈரம் இருக்கு, இதை எப்ப மூட்டை கட்டுவீங்க?' என்றார். களத்துக்காரர் உடனே நிமிர்ந்து பதில் சொன்னார். வெல்டரிடம் நான் பேசும்போது கிடைக்கும் அதே மரியாதை. 3-ஐ நிறுத்திவைத்தது நியாயம்தான் என்று அங்கே பட்டது.

ஒப்புதல் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் இல்லை. நம் வேலையைத் தொடர்ந்து கவனிப்பார்கள், அவ்வப்போது நேரிலும் வந்து பார்ப்பார்கள். 2024-இல் ஐஎஸ்ஓ 9001-க்குப் பருவநிலை மாற்றம் பற்றிய திருத்தம் வந்தபோது எங்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள், கோப்பில் அதற்கும் ஒரு தாள். தலைப்பு மட்டும் கேட்டு உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. திறந்த களத்தில் ஜவ்வரிசி காய வைப்பவரிடம் மழையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

3-க்கு இப்போது மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்புக்கான ஹாசப் பயிற்சி முடிந்தது, வல்லுநரோடு போன தணிக்கைகளின் அறிக்கைகளும் சேர்ந்திருக்கின்றன. எழுத்துத் தேர்வும் ஒரு விட்னஸும் பாக்கி. விட்னஸை கிழங்கு அரவை ஓடும்போது ஓர் ஆலையில் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அரவை இல்லாத ஆலையில் வைத்தால் நான் பார்க்கவும் ஒன்றுமில்லை, கவனிக்க வருபவர் என்னைப் பார்க்கவும் ஒன்றுமில்லை.