பட்டியலில் இல்லாத நிலம்

பிரேசிலிலிருந்து மாட்டிறைச்சியும் சோயாவும் வாங்கும் நிறுவனங்களுக்காக, அவை வரும் பண்ணைகளில் காடு அழிக்கப்பட்டதா என்று சரிபார்ப்பது என் வேலை. தினமும் முதலில் திறப்பது இபாமாவின் தடைப்பட்டியலைத்தான். பிரேசிலின் சுற்றுச்சூழல் சட்டங்களை அமல்படுத்த 1989-இல் தொடங்கப்பட்ட அரசு அமைப்பு அது. சட்டத்தை மீறிக் காடு வெட்டிய இடத்தில் பயிரிடவோ மாடு மேய்க்கவோ கூடாது என்று தடை போடும். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம்.

சேர்ந்த புதிதில் அபராதம்தான் பெரிய ஆயுதம் என்று நினைத்தேன். உண்மையில் அதில் சிறு பகுதிதான் வசூலாகிறது, மேல்முறையீட்டிலேயே ஆண்டுகள் ஓடிவிடும். தடைதான் கடிக்கிறது. வங்கிக் கடன் நின்றுபோகும், அந்த நிலத்து விளைச்சலை வாங்குபவருக்கும் அபராதம் உண்டு.

பாரா மாநிலத்துப் பண்ணை ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். உரிமையாளரின் வரி எண்ணைத் தேடினேன், பட்டியலில் இல்லை. சரி என்று குறித்து அனுப்பினேன். "நம்பரை மட்டும் பாத்தீங்களா? மேப்பைப் போட்டுப் பாருங்க" என்று மூத்தவர் திருப்பி அனுப்பினார். போட்டால், தடை விழுந்த பரப்பு பண்ணையின் நடுவிலேயே கிடந்தது. தடை பழைய உரிமையாளர் பெயரில் இருந்தது, நிலம் கைமாறியிருந்தது. அமேசான் காட்டுப் பகுதியில் தனியார் நிலத்திலும் 80 சதவீதம் காடாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே ஓடைக்கரையில் ஒரு கீற்றுதான் மிஞ்சியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. தடைபட்ட நிலத்தில் பிறந்த கன்றை வேறு பண்ணைக்கு மாற்றிக் கொழுக்க வைத்து விற்றால், இறைச்சிக்கூடத்துக்குத் தெரிவது கடைசிப் பண்ணை மட்டும்தான்.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இபாமாவின் ஆட்கள் இருக்கிறார்கள். 2004 முதல் டெட்டர் என்ற செயற்கைக்கோள் எச்சரிக்கை முறை இடத்தைக் காட்டுகிறது. அதை வைத்து ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறார்கள். வெளியே கொண்டுவர முடியாத இயந்திரங்களை அங்கேயே எரிக்கிறார்கள். மிரட்டல்கள் வரும். அமேசானில் 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012-இல் அது 4,571 ஆக இறங்கியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு இந்த அமைப்பைத் தளரவிட்டார்கள். 2021-இல் அழிவு 13,000-ஐத் தாண்டியது. அப்படித் தளர்ந்த காலத்தில் புதுத் தடைகளும் குறைந்தன. அங்கே போக ஆளில்லாவிட்டால் பட்டியலும் சுத்தமாகத்தான் தெரியும்.

அதனால் இப்போது ‘தடை இல்லை’ என்று மட்டும் எழுதுவதில்லை. எந்தெந்தத் தேதிச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன் என்பதையும் பக்கத்தில் குறிக்கிறேன். ஒரு பண்ணைக்கு அரை மணி நேரம் கூடுதலாகிறது.