ஒப்பீட்டுக்கு வைக்கிற புரதமே வேலை செய்யாவிட்டால்

நாகர்கோவில் பக்கம் செல்களை உடலுக்கு வெளியே வளர்த்துப் பார்க்கிற ஒரு சின்ன செல் கல்ச்சர் லேபில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிற மாணவர்களில் பாதிப்பேர் கையில் ஏதாவது ஒரு மூலிகைச் சாறு இருக்கும். மருந்துவாழ் மலையும் பேச்சிப்பாறைக் காடும் பக்கத்திலேயே இருக்கிற மாவட்டம், புண்ணுக்குப் பச்சிலை சொல்ல வீட்டுக்கொரு பாட்டி உண்டு, அதனால் காயம் ஆற்றும் தன்மையை ஆராய வருவது இயல்புதான். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் சாற்றைப் பறித்து, காய வைத்து, வடித்து என்று மாதக்கணக்கில் பாடுபடுகிறவர்கள், அதோடு ஒப்பிட வைக்கிற இ.ஜி.எஃப் (எபிடெர்மல் குரோத் ஃபேக்டர், செல்களை வளரவும் நகரவும் தூண்டுகிற புரதம்) பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. அதுதான் எனக்கு ஆறாத குறை.

பரிசோதனை எளிமையானதுதான். ஹாகேட் என்கிற மனிதத் தோல் செல்களை பிளேட்டில் இடைவெளி இல்லாமல் வளரவிட்டு, பைப்பெட் டிப்பால் நடுவில் ஒரு கோடு கீறுவோம். இரண்டு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து அந்தக் கோட்டை எவ்வளவு வேகமாக மூடுகின்றன என்று படம் எடுத்துப் பார்ப்போம். பிளேட்டில் இருக்கிற குழிகளுக்கு வெல் என்று பெயர். ஒரு வெல்லில் எதுவும் போடுவதில்லை, ஒன்றில் சாறு, இன்னொன்றில் இ.ஜி.எஃப். செல்களை நகரவைக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த பொருள் என்பதால் இ.ஜி.எஃப் அங்கே இருக்கிறது. அது மட்டும் வேலை செய்யாமல் போனால் மற்ற எந்த வெல்லையும் நம்ப முடியாது.

இந்தப் புரதத்தின் கதையே எனக்குப் பிடிக்கும். ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். இரண்டு வாரம் ஆகும் வரை கண் மூடியே கிடக்க வேண்டிய குட்டிகள் ஏழாம் நாளே கண் திறந்தன, பல்லும் சீக்கிரம் முளைத்தது. அந்தச் சாற்றுக்குள் என்ன இருக்கிறது என்று விடாமல் தேடிப் பிரித்தெடுத்ததுதான் இ.ஜி.எஃப், அதற்காக 1986-இல் ரீட்டா லெவி மொண்டால்சினியோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது. மனித இ.ஜி.எஃப் வெறும் 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் அதை மடித்துப் பிடித்து வைத்திருக்கின்றன. இன்று சுரப்பி எதுவும் வேண்டாம், மனித ஜீனை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே தயாரிக்க வைக்கிறார்கள். மூலிகைச் சாறு கொண்டுவருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் இதுவும் ஒரு சாற்றில் இருந்து தொடங்கியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாணவி வேறோர் இடத்தில் செய்து முடித்த படங்களோடு வந்தாள். அவளுடைய சாறு 24 மணி நேரத்தில் இ.ஜி.எஃப் அளவுக்கே கோட்டை மூடியிருந்தது. முகமெல்லாம் சந்தோஷம். எதுவும் போடாத வெல்லின் படம் எங்கே என்று கேட்டேன். அது வேறொரு ஃபோல்டரில் இருந்தது, திறந்து பார்த்தால் அதிலும் கோடு அதே அளவுக்கு மூடியிருக்கிறது. மூன்றுமே ஒன்று. இ.ஜி.எஃப்பின் ஆக்டிவிட்டி, அதாவது வேலை செய்யும் திறன், போய்விட்டதா, இல்லை மீடியத்தில் (செல்கள் வளர்கிற ஊட்டக் கரைசல்) 10 சதவீதம் சீரம் (இரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த நீர்) அப்படியே இருந்ததால் எல்லா வெல்லிலும் செல்கள் தானாகவே நகர்ந்துவிட்டனவா? சீரத்துக்குள்ளேயே குரோத் ஃபேக்டர்கள் இருக்கின்றன, அதைக் குறைக்காமல் கீறினால் நாம் தனியாகப் போடுகிற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே இரண்டும் நடந்திருந்தது. எங்கள் லேபில் சீரத்தைக் குறைத்து, செல் பெருகுவதையும் நகர்வதையும் பிரித்துப் பார்க்க செல் பெருகுவதை நிறுத்துகிற மைட்டோமைசின் சி மருந்து கொடுத்து, புது இ.ஜி.எஃப் குழாயும் அவள் கொண்டுவந்த பழைய குழாயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் செய்தோம். புதியது நன்றாக நகர்த்தியது. பழையது எதுவும் போடாத வெல்லைப் போலவே இருந்தது. சாறு இரண்டுக்கும் நடுவில் நின்றது. அவளுக்கு வருத்தம்தான், ஆனால் அந்த நடுவில் நின்றது உண்மையான முடிவு, அதை வைத்து அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

அந்தக் குழாய் எப்படிக் கெட்டது என்று யோசித்தால், இந்தப் புரதத்தின் விஷயத்தில் எல்லோரும் பயப்படுவது ஒரு இடத்தில், அது கெட்டுப்போவது வேறு இடத்தில்.

சென்னையில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ பார்சல் வரும். சனிக்கிழமை கூரியர் ஆபீஸில் மாட்டிக்கொண்டு திங்கள்கிழமை வந்து சேரும்போது உள்ளே இருக்கிற ஐஸ் பேக் தண்ணீராகியிருக்கும். "அண்ணா, ஐஸ் பூரா உருகிப்போச்சு, இனி இதத் தூரப் போட வேண்டியதுதானா?" என்று பிள்ளைகள் பதறுவார்கள். வேண்டாம் மக்கா. வயலுக்குள், அதாவது புரதம் வருகிற சின்னக் குப்பிக்குள், இருப்பது உறையவைத்து உலர்த்திய பொடி, அந்த நிலையில் அது சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும், பல நிறுவனங்கள் ஐஸே இல்லாமல்தான் அனுப்புகின்றன. நிறுவனம் கொடுக்கிற டேட்டாஷீட்டில் பாருங்கள், எழுதியிருக்கும். அந்தப் பதற்றத்தை அப்படியே மூட்டை கட்டி, தண்ணீர் ஊற்றிய பிறகு வரும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன்னால் வயலை சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். 100 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்கு ஒரு மங்கல் படலம்தான், பயணத்தில் அது மூடியிலோ ஓரத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படியே திறந்தால் பாதி மூடியோடு போய்விடும். கரைக்கும்போது வோர்டெக்ஸில் வைத்து உலுக்கக் கூடாது, ஓரமாக ஊற்றி மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கரைய விட வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று, மிகக் குறைந்த அளவில் கரைத்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ (மாட்டு இரத்தத்தில் இருந்து எடுக்கிற ஆல்புமின் புரதம்) சேர்க்கச் சொல்கிறார்கள், அது சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நம்முடைய புரதத்தைக் கரைசலில் விட்டுவைக்கும். பி.எஸ்.ஏ இல்லாமல் நேராகக் கடைசி அளவுக்கு நீர்த்துப்போகச் செய்துவிட்டு மில்லிக்கு 10 நானோகிராம் போட்டேன் என்று நோட்டில் எழுதுகிறவர்களின் செல்லுக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

கரைத்ததும் பிரித்து வைக்க வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள், 100 மைக்ரோகிராமை 1 மில்லியில் கரைத்து 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்தால் 50 குழாய்கள், ஒவ்வொன்றும் மில்லிக்கு 10 நானோகிராம் அளவில் 200 மில்லி மீடியத்துக்குப் போதும். இதைச் செய்ய சோம்பல்பட்டு ஒரே குழாயை வாரம் இரண்டு தடவை உருக்கி உருக்கி உறைய வைப்பதுதான் இங்கே நான் அதிகம் பார்க்கிற கொலை. அந்த மாணவியின் குழாய்க்கும் அதுதான் நடந்தது, போதாததற்கு அது இருந்தது வீட்டில் வைக்கிற மாதிரியான ஃப்ராஸ்ட்ஃப்ரீ ஃப்ரிட்ஜின் மேல் தட்டில். பனி படியாமல் இருக்க அந்த ஃப்ரீசர் அவ்வப்போது தானே சூடாகும். நாம் தொடாமலே அது உருகி உறைந்துகொண்டிருக்கும்.

இ.ஜி.எஃப் இத்தனைக்கும் உறுதியான புரதம். பி.எஃப்.ஜி.எஃப் என்கிற இன்னொரு குரோத் ஃபேக்டரை வைத்து வேலை செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம், 37 டிகிரி இன்குபேட்டரில் ஒரு நாளைக்குள்ளேயே அதன் ஆக்டிவிட்டி பெரும்பகுதி போய்விடும், ஸ்டெம் செல் ஆட்கள் தினமும் மீடியம் மாற்றுவது அதனால்தான்.

மழைக்காலம் இன்னொரு தலைவலி. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ரப்பர் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2017 ஒக்கி புயலில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கரண்ட் போனதும் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை, உள்ளே எப்படி இருக்கிறது என்று ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்ப்பது. மூடியே வைத்திருந்தால் மணிக்கணக்கில் குளிர் நிற்கும். அதற்கு மேல் நீண்டால் எங்கள் லேப் உதவியாளர் அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். அவருடைய வீட்டில் மீன் வியாபாரம். தெர்மோகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸும் கல் உப்பும் கலந்து அதற்குள் குழாய்களைப் புதைத்து விடுவார், வெப்பம் பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழே போய்விடும், குழாய் உருகாது. உப்பு சேர்த்தால் ஐஸ் ஏன் இன்னும் குளிரும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை அவர், ஆனால் பெட்டிக்குள் இருப்பது என்ன, ஏன் உருகக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதனால் ராத்திரி கரண்ட் போனாலும் அவர்தான் முதலில் போன் பண்ணுகிறார். லேபில் பைப்பெட் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் போதாது.

புது லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) வந்தால் பழைய லாட்டோடு சேர்த்து ஒரு கீறல் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுக்கிறோம். டேட்டாஷீட்டில் இருக்கிற ஆக்டிவிட்டி அவர்களுடைய செல்லில், அவர்களுடைய லேபில் அளந்தது.

இந்த வயலின் விலை எங்கள் மாதிரி இடங்களுக்கு லேசான தொகை இல்லை. ஆனால் ஒரு வயலில் 10 லிட்டர் மீடியம் செய்யலாம், ஒரு முதுகலை மாணவருக்கு அரை லிட்டர் செலவானாலே அதிகம். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வாங்கி, இரண்டு குழாயைப் பயன்படுத்திவிட்டு மீதியைக் காலாவதியாக விடுவதைவிட, மார்த்தாண்டத்துக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையில் இருக்கிற நாம் நாலு பேர் சேர்ந்து ஒரு வயல் வாங்கி, ஒரே இடத்தில் கரைத்து, சோதித்து, குழாயாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பக்கத்து லேப் ஒன்றோடு இதைத் தொடங்கிவிட்டோம், பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள். லாட் எண், கரைத்த தேதி, பி.எஸ்.ஏ சேர்த்ததா இல்லையா, இந்த மூன்றும் எழுதாத குழாயை மட்டும் வாங்காதீர்கள், கொடுப்பது நாங்களாக இருந்தாலும் சரி.