பிரசவ அறைக்குத் துணையாகப் போகிறவருக்கு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுப் பிரசவம் அநேகமாக நின்றுவிட்டது. மருத்துவச்சியை அழைத்து வந்து, உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெற்றவர்கள் இன்று பாட்டிகள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது நல்லதே. உதிரப்போக்கையும் ஜன்னியையும் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது. ஆனால் மருத்துவச்சி செய்த ஒரு வேலை மட்டும் ஆளில்லாமல் நிற்கிறது: முதல் வலியிலிருந்து நஞ்சுக்கொடி விழும்வரை பக்கத்தை விட்டு நகராமல் இருப்பது. ஒரு சிஸ்டர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேரைப் பார்க்கிறார். அவரால் அது ஆகாது. அதற்காகத்தான் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில் எல்லாப் பெண்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. அப்படித் துணைக்குப் போய்ப் பழகியவர்கள் என்ற முறையில், உள்ளே என்ன செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

யார் போவது என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். முடிவு கர்ப்பிணியுடையது. அம்மாதான் போக வேண்டும் என்றில்லை. மகள் கத்தினால் தானும் அழும் அம்மாவை விட, பதற்றப்படாத சித்தியோ நாத்தனாரோ மேல். பிள்ளை பெற்றவராக, சளி காய்ச்சல் இல்லாதவராக, ராத்திரி முழுக்க நிற்கத் தெம்புள்ளவராக இருக்க வேண்டும். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, முடியை இறுக்கிக் கட்டி, துவைத்த உடையில் போக வேண்டும். போனை வெளியில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "என்னாச்சு, என்னாச்சு" என்று வரும் அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வலியை யார் கணக்கெடுப்பது?

தாய் சேய் நல அட்டையைத் துணைக்குப் போகிறவர் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழா, ரத்த வகை நெகட்டிவா, பிரஷர் எப்போதாவது 140/90-ஐத் தொட்டதா, கடைசி ஸ்கேனில் குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, நஞ்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க பிக்மி நம்பரைத் தனித்தாளில் எழுதிப் பையில் வையுங்கள். பையில் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்த நூல் சேலைத் துண்டுகள் ஐந்தாறு, முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு, பிளாஸ்க், டம்ளர், நாப்கின், தேங்காயெண்ணெய், பூவன் பழம் இருந்தால் போதும்.

கடைசி மூன்று நான்கு வாரத்தில் சூட்டு வலி என்கிற பொய்வலி வந்து ஏமாற்றும். வறுத்த சீரகத்தைக் கொதிக்கவைத்துக் கஷாயம் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்பது நம் வீடுகளில் வழக்கம். கஷாயம் எதையும் நிறுத்துவதில்லை. குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பொய்வலி நடந்தாலோ படுத்தாலோ விட்டுவிடும், இடைவெளி தாறுமாறாக இருக்கும். நிஜ வலி இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும். என்ன செய்தாலும் நிற்காது, இடைவெளி குறைந்துகொண்டே போகும். ரத்தம் கலந்த சளி போலப் பட்டால் கர்ப்பப்பை வாய் திறக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம்.

வலியின் பலத்தைக் கையாலேயே அளக்கலாம். வலி வரும்போது தொப்புளுக்கு மேலே, வயிற்றின் உச்சியில் விரல்நுனிகளை லேசாக வையுங்கள். மூக்கு நுனியைத் தொட்டதுபோல அமுங்கினால் லேசான வலி. தாடை மாதிரி இருந்தால் நடுத்தரம். நெற்றியைத் தொட்டதுபோல, விரல் கொஞ்சமும் உள்ளே போகாமல் நின்றால் நல்ல வலி. அவள் போடும் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சத்தமே போடாமல் கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்துவிடும் பெண்கள் உண்டு.

நேரத்தைத் தாளில் எழுதுங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எத்தனை நிமிஷம், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று இரண்டு எண்கள். தலைச்சன் என்றால் 5 நிமிஷத்துக்கு ஒன்று, முக்கால் நிமிஷத்துக்கு மேல் நின்று, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்புங்கள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு 10 நிமிஷ இடைவெளியிலேயே கிளம்பிவிட வேண்டும். அந்தப் பிள்ளைகள் அவசரக்காரர்கள். பனிக்குடம் உடைந்தால், உதிரம் பட்டால், குழந்தை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், 37 வாரம் ஆகவில்லை என்றால், முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே 108. உடைந்த நீர் தெளிவாக இருக்க வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது. அதைப் போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நனைந்த துணியை வீசாமல் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. நீரோடு தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அவளை முழங்காலிட்டு, நெஞ்சு தரையில் பட, இடுப்பு உயரக் குனியவைத்து, வண்டியிலும் இடுப்பு உயர்ந்தே இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு கணக்கும் உண்டு, தண்ணீர்க் கணக்கு. திருச்சி தாயுமானவர் கோயில் புராணத்தில் மகளின் பேறுகாலத்துக்குக் கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். ஐப்பசி கார்த்திகையில் தரைப்பாலம் முழுகும் ஊர்களில் இன்றும் அதே நிலைமைதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் விழுந்து எத்தனையோ சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. மழைக்காலத்தில் தேதி வருகிறவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, தேதிக்குச் சில நாள் முன்பே ஆஸ்பத்திரியிலோ அதன் பக்கத்து உறவினர் வீட்டிலோ தங்கிவிடுங்கள். ராத்திரியில் 108-ஐக் கூப்பிட்டால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. எந்த ஆற்றுப்பாலம் தாண்டி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லி, ஒருவரை டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிறுத்துங்கள்.

விளக்கெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் கொடுக்கும் எண்ணெயை அடிவயிற்றில் தடவுவது நம்பிக்கை. தடவுவதில் ஒரு கெடுதலும் இல்லை. பயந்திருக்கும் பெண்ணுக்கு அது பெரிய பலம். வலி வரட்டும் என்று விளக்கெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பது வேறு. வாந்தி, பேதியில் உடம்பு வற்றி, வலி தாங்க வேண்டிய நேரத்தில் அவள் துவண்டு கிடப்பாள்.

பிரசவ அறையில் உங்கள் வேலை இடுப்பு, நீர், சிறுநீர், மூச்சு. மல்லாக்கப் படுக்கவிடாதீர்கள். கனத்த கர்ப்பப்பை முதுகோரம் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அவளுக்குத் தலை சுற்றும், குழந்தையின் துடிப்பு குறையும். படுத்தால் இடப்பக்கம் ஒருக்களித்து. டாக்டர் சம்மதித்தால் நடக்கட்டும், சுவரைப் பிடித்து நிற்கட்டும், உங்கள் தோளில் தொங்கட்டும். நிமிர்ந்திருந்தால் குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயில் நன்றாக அழுந்தி, அது சீக்கிரம் திறக்கும். வலி முழுக்க இடுப்பிலேயே வெட்டினால் பெரும்பாலும் குழந்தையின் பின்தலை தாயின் முதுகெலும்புப் பக்கம் திரும்பியிருக்கிறது. தரை மெழுகுகிற மாதிரி கையும் முழங்காலும் ஊன்றி நிற்கவையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்பு எலும்பின் நடுவில், பிட்டத்துப் பிளவுக்குச் சற்று மேலே வைத்து, வலி ஏறும்போது உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். இறங்கும்போது மெல்ல விடுங்கள். தேய்க்கக் கூடாது, தோல் எரியும். இடம் சரியா என்று அவளையே கேளுங்கள். ஒரு விரற்கடை தள்ளி அழுத்தினாலும் பலனில்லை. மணிக்கணக்கில் அழுத்தினால் உங்கள் மணிக்கட்டு வீங்கும், அதனால் முழங்கையை மடக்காமல் நீட்டியே அழுத்துங்கள்.

சிறுநீரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, அவள் வேண்டாம் என்றாலும், கழிக்கவையுங்கள். நிறைந்த பை தலை இறங்கும் வழியை மறிக்கும். பிரசவமான பிறகு கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் உதிரத்தைக் கூட்டும். குடிப்பதற்கு இளநீர், கஞ்சித் தண்ணீர், மோர் ஆகியவற்றை ஒவ்வொரு வலிக்கும் பிறகு இரண்டு மடக்கு. ஆபரேஷன் வாய்ப்பு இருப்பவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்பார்கள், அதனால் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மூச்சில் வெளியே விடுவதுதான் முக்கியம். மூக்கால் இழுத்து, தாடையைத் தளர்த்தி, வாயால் நீளமாக விடச் சொல்லுங்கள். விரல் மரத்து வாய் வறண்டால் வேகவேகமாக மூச்சு வாங்குகிறாள் என்று தெரிந்துகொண்டு, அவள் முகத்துக்கு நேரே நின்று நீங்களே மெதுவாக விட்டுக் காட்டுங்கள்.

எட்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டம் வரும். கை கால் நடுங்கும், வாந்தி வரும், "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணச் சொல்லு சித்தி" என்பாள். வெளியே இருப்பவர்கள் ஆபரேஷன் கேட்டுச் சண்டை போடுவதும், உள்ளே இருப்பவர் "நாங்கெல்லாம் பெக்கலையா" என்று அதட்டுவதும் இங்கேதான். இரண்டும் வேண்டாம். பெரும்பாலும் இதுதான் கடைசித் திருப்பம். ஒரே குரல், ஒரே வார்த்தை: "இந்த ஒரு வலி மட்டும் கண்ணு, மூச்ச விடு." நாளைப் பற்றியோ எத்தனை மணி ஆகும் என்றோ பேசாதீர்கள்.

முக்க வேண்டும்போல் வருகிறது என்றதும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். "சீக்கிரம் வாங்க" என்று கத்துவதை விட, "சிஸ்டர், 2 நிமிஷத்துக்கு ஒரு வலி, முட்டுதுங்கிறா, தண்ணி தெளிவா இருக்கு" என்று சொன்னால் அவர் ஓடி வருவார். முழுதாகத் திறக்கும்வரை முக்கவிடக் கூடாது. கர்ப்பப்பை வாய் வீங்கி வழி இன்னும் குறுகும். அதுவரை ஊதாங்குழலில் அடுப்பை ஊதுகிற மாதிரி "ஃபூ, ஃபூ" என்று ஊதச் சொல்லுங்கள். திறந்த பிறகு வலி வரும்போது மட்டும் முக்கி, இடையில் முழு ஓய்வு. தலைச்சனுக்கு இந்தக் கட்டம் 3 மணி நேரம் வரை போகலாம். உச்சந்தலை வெளியே தெரிந்து மிளகாய் பட்டதுபோல் எரியும்போது முக்கலை நிறுத்தி நாய் இளைக்கிற மாதிரி இளைக்க வேண்டும். தலை மெதுவாக வந்தால் கிழிசல் குறையும். வயிற்றின் மேல் ஏறி அமுக்குவது பழைய பழக்கம், ஆபத்தானது. யார் செய்யச் சொன்னாலும் நீங்கள் கை வைக்காதீர்கள்.

வண்டி வருவதற்குள் வீட்டிலேயே தலை தெரிந்துவிட்டால் 108-ஐ போனில் வைத்துக்கொண்டே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். தலையை இழுக்காதீர்கள், கையால் தாங்குங்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்து தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடலாம். குழந்தை வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்து, அம்மாவின் வெறும் நெஞ்சில் போட்டு இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை அரிவாள்மனையாலோ பழைய பிளேடாலோ அறுக்காதீர்கள், அப்படியே விட்டால் ஒன்றும் ஆகாது. நஞ்சு தானாக வந்தால் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். கொடியைப் பிடித்து இழுத்தால் கர்ப்பப்பையே கவிழ்ந்து வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடுவார்கள், உதிரம் கட்டுப்படுவதற்கு. ஒரு நிமிஷமாவது பொறுத்துக் கொடியை வெட்டினால் குழந்தைக்கு நஞ்சிலிருந்து ரத்தம் சேரும். நஞ்சு அரை மணிக்குள் வர வேண்டும். எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்கும் அந்த நேரத்தில் நீங்கள் மட்டும் தாயைப் பாருங்கள். முதல் 2 மணி நேரம், கால்மணிக்கு ஒருமுறை, தொப்புளருகே கை வைத்தால் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக உருண்டு நிற்க வேண்டும். மாவு மாதிரி தொளதொளத்தால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். 5 நிமிஷத்துக்குள் ஒரு நாப்கின் முழுசாக நனைந்தாலும் உடனே கூப்பிட வேண்டும். அடியில் போட்ட துணியையும் தூக்கிப் பாருங்கள், உதிரம் முதுகுக்குக் கீழே தேங்கி நிற்கும்.

முதல் மணிக்குள் சீம்பால். சேனை வைக்க வீட்டில் யாராவது தேனோடு வந்து நிற்பார்கள். ஒரு வயது வரை தேன் கூடாது என்று அன்பாகச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மாமியார் மனம் நோகக் கூடாது என்றால் குழந்தையை முதலில் வாங்கும் கை அவருடையதாக இருக்கட்டும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டுவது 24 மணி நேரத்துக்குப் பிறகு.

ராத்திரி ஆள் மாறும்போது அடுத்து உட்காருகிறவரிடம் நான்கு விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: அவள் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள், எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், குழந்தை கடைசியாக எப்போது பால் குடித்தது, குழந்தை ஒன்றுக்குப் போனதா.